கப்பலுக்குப் பெட்டி கட்டிய கதை

போன வாரம் நேர்காணலுக்காகச் சார்நிலைக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வாணியம்பாடியில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர். உயிரோடு இருக்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தார். "சார், பையன் கப்பல்ல டிக்கெட் போட்டிருக்கான். மெட்ராஸ்ல ஏறணும். நீங்கதான் போய்ட்டு வந்தவராச்சே, இன்னா இன்னா எடுத்துக்கணும் சொல்லுங்க."

கடந்த மூன்று வருடங்களில் இப்படிக் கேட்பது இவர் நாலாவது ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

நாங்கள் போனது 2022-ல். அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் தேதிதான் முதலமைச்சர் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை அனுப்பிவைத்தார். எங்கள் பெண் அந்த ஆடி மாதத்திலேயே இரண்டு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டாள். சென்னையில் ஏறி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்குவது. என் மனைவிக்கு இது விளங்கவே இல்லை. "எந்த ஊருக்குங்க போறோம்?" என்றாள். எந்த ஊருக்கும் இல்லை, கடலுக்குள் போய்த் திரும்பி வருகிறோம் என்றேன். "போகாத ஊருக்கு வழி கேட்பாங்கன்னு சொல்வாங்க, டிக்கெட்டே வாங்கியிருக்கா நம்ம பொண்ணு" என்றாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கப்பல் எம்மாத்திரம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. காரணம் கொஞ்சம் பழையது. என் அப்பாவுக்குப் புதுச்சேரியில் ரோடியர் மில்லில் வேலை. குடியாத்தத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம். பிரெஞ்சுப் பள்ளியில் சம்பளம் இல்லை என்பதால் என்னை அங்கே சேர்த்தார்கள். பாலாறு எங்கே பிறக்கிறது என்று தெரியாத வயதில், லுவார் நதி எந்த மலையில் பிறந்து எந்த ஊரில் கடலில் கலக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தவன் நான். கலக்கும் இடம் சேன் நசேர், கப்பல் கட்டும் ஊர். டிக்கெட் வந்த பிறகு இந்த எம்ப்ரஸ் எங்கே கட்டியது என்று தேடிப் பார்த்தால், 1990-ல் அதே சேன் நசேரில் கட்டியிருக்கிறார்கள். முதலில் அதன் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். அறுபது வருடம் கழித்து அந்தப் பாடம் என்னைத் தேடி சென்னைத் துறைமுகத்துக்கே வந்துவிட்டது போல இருந்தது. ஆம்பூரில் இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன். "அப்ப முப்பது வருஷத்துக் கப்பலா? ஓட்டை கீட்டை இருக்கப் போகுது" என்றாள்.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் டிக்தே எழுதச் சொல்லும்போது ஒரு விளையாட்டு காட்டுவார். பெரிய பயணப் பெட்டிக்கு பிரெஞ்சில் 'மால்' என்று பெயர். நோய்க்கும் 'மால்' என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்து வேறு, காதில் விழுவது ஒன்று. கடலில் வரும் குமட்டலுக்கு 'மால் து மேர்'. பாதிப் பையன்கள் 'கடல் பெட்டி' என்று எழுதி வைத்து முட்டி மேல் அடி வாங்குவார்கள். பெட்டியும் நோயும் ஒன்றாக வந்து நிற்கும் நாள் எனக்கும் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தவன் பெட்டி கட்டினால் எப்படி இருக்கும்? பட்டியல் போட்டேன். வரிசை எண், பொருள், எண்ணிக்கை, எந்தப் பெட்டி, குறிப்பு என்று ஐந்து கலம். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி ஒன்று. மருந்துகள் எல்லாம் வரிசை எண் 14, பெரிய பெட்டி. என் மனைவிக்குச் சர்க்கரை. வேலூர் சி.எம்.சி.யில் காட்டுகிறோம். காலையும் இரவும் இன்சுலின், மதியம் மாத்திரை. இன்சுலினை ஒரு சின்ன பிளாஸ்கில் வைத்து, ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுப் பெட்டிக்கு நடுவில், துணிகளுக்குள் பத்திரமாகப் புதைத்தேன்.

அவள் அப்போதே சொன்னாள். "மருந்து என் கைப்பையிலேயே இருக்கட்டுங்க."

"உன் கைப்பையில் ஏற்கெனவே ஊர்க் குப்பை இருக்கிறது. பட்டியல்படி போகட்டும்" என்றேன்.

"நான் சொன்னா நீங்க கேக்கவா போறீங்க" என்று உள்ளே போய்விட்டாள். நாற்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் விவாதங்கள் முடிவது அந்த வாக்கியத்தில்தான்.

இடையில் பக்கத்து வீட்டு பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். அவருடைய அத்தா அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். மொகல் லைன் என்று ஒரு கம்பெனி அந்தக் கப்பல்களை ஓட்டியது. 1995-க்குப் பிறகு ஹாஜிகள் கப்பலில் போவது நின்றுவிட்டது, எல்லாம் விமானம்தான். எங்கள் பக்கத்தில் வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டில் ஒரு பெரியவராவது அப்படிக் கப்பல் ஏறியிருப்பார். உல்லாசப் பயணம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் கப்பலுக்குப் பெட்டி கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பாய் வீட்டுப் பரணில் அந்தத் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. பச்சைப் பெயின்ட். மூடியின் மேல் உருது, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் பெயர், ஊர். பூட்டுக்கு மேல் கயிறு.

"எதுக்கு மூணு பாஷை?" என்றேன்.

"தூக்கறவன் எந்த ஊர்க்காரனோ, யாருக்குத் தெரியும் சார்? அத்தா சொல்வார், பெட்டி தொலையக் கூடாதுன்னா பெட்டிக்கு வாய் இருக்கணும்னு."

இது எவ்வளவு சரி என்று துறைமுகத்தில் தெரிந்தது. அங்கே வந்திருந்த பெட்டிகளில் முக்கால்வாசி கறுப்பு, மீதி நீலம். எல்லாம் சக்கரம் வைத்தவை, எல்லாம் ஒரே அச்சு. கப்பல்காரர்கள் அறை எண் எழுதிய சீட்டு கட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் சீட்டு கிழியும். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள், பெட்டிக்கு உள்ளேயும் பெயரும் போன் நம்பரும் எழுதி ஒரு தாள் வையுங்கள்.

பாய் சொன்ன இன்னொன்று தோல் பற்றியது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், வெளியூர் என்றால் புது ஷூ. ஏற்றுமதியில் கழித்த ஜோடி பாதி விலையில் கிடைக்கும்போது யார் விடுவார்கள்? நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பாய் அதைத் திருப்பி அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "பச்சைத் தோலுக்கு உப்பு போட்டாதான் கெடாம நிக்கும். முடிச்ச தோலுக்கு அதே உப்புதான் எமன் சார். கடல் தண்ணி பட்டுக் காஞ்சா வெள்ளை வெள்ளையா பூக்கும், வறண்டு வெடிக்கும். அடியும் தோலு. ஈரத்துல வழுக்கி உட்டா உங்க வயசுக்கு இடுப்பு போச்சு." தோலிலேயே வாழ்ந்த மனிதர் ரப்பர் செருப்பு போடச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு ஒன்று, கேன்வாஸ் ஷூ ஒன்று. அது போதும். தோல் பையை எடுத்துப் போனால் திரும்பி வந்ததும் துடைத்து நிழலில் உலர்த்தாமல் அலமாரியில் வைக்காதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.

வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேல்தளத்தில் காற்று அடிக்கும் வேகத்தில் சாதாரண வேட்டி நிற்காது. ஒட்டிக்கோ வேட்டியாக இருந்தாலும் பெல்ட் போடுங்கள். உள்ளே நேர்மாறு. ஏ.சி. எலும்பைத் துளைக்கும். எங்கள் கப்பலில் ஆடி மாதத்தில் மங்கி குல்லாவோடு நடமாடிய தாத்தாக்கள் நிறைய. சால்வை ஒன்று கட்டாயம். கைத்தறிப் போர்வை இருந்தால் இன்னும் நல்லது.

கப்பல் அறை நம் வீட்டுப் பூஜை அறையை விடக் கொஞ்சம்தான் பெரிது. பெரிய பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் போகும். எங்களுடையது ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாது. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் வயது நமக்கு, அதனால் ஒரு சின்ன டார்ச். சுவர்கள் இரும்புத் தகடு என்பதால் காந்தம் ஒட்டும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் நாலைந்து கொண்டுபோனால் சாப்பாட்டு நேரச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சுவரிலேயே ஒட்டலாம். காந்தக் கொக்கி கிடைத்தால் துண்டு மாட்டலாம். இந்த யோசனையை எனக்குச் சொன்னது எதிர் அறையில் இருந்த கோயம்புத்தூர் அம்மா.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் சிக்னல் போய்விடும். நம்பர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனை விமான நிலையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு பில் ஏறும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பகல் பன்னிரண்டரைக்குப் பெட்டிகளைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டோம். அறைக்கு வந்துவிடும் என்றார்கள். மதியச் சாப்பாடு, மாத்திரை (அது மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது), பிறகு தளம் தளமாக ஏறி இறங்கினோம். பதினோரு தளம். லிஃப்டில் கூட்டம் என்று படியிலேயே நடந்தோம். மாலையில் கப்பல் கிளம்பியது. துறைமுகத்தை விட்டு விலகும்போது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கல்யாண ஊர்வலத்துக்குப் பிறகு எனக்கு ஞாபகம் உள்ள இரண்டாவது தடவை. பஜ்ஜி, டீ எல்லாம் வைத்திருந்தார்கள். சர்க்கரை ஏறும் என்று அவள் தொடவில்லை.

எட்டு மணிக்கு அறைக்கு வந்தால் சின்னப் பெட்டி வந்திருக்கிறது, பெரிய பெட்டி இல்லை. எட்டரை. இல்லை. இன்சுலின் போடாமல் சாப்பிடக் கூடாது என்று அவள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சு குறைந்தது. நெற்றியில் வியர்வை. அந்த ஏ.சி.யில் வியர்வை. கை நடுங்கியது. கடல் மயக்கமா, சர்க்கரை ஏறிவிட்டதா, இறங்கிவிட்டதா? ஏறியிருந்தால் ஒரு வைத்தியம், இறங்கியிருந்தால் நேர் எதிர் வைத்தியம். பார்த்துச் சொல்ல மெஷின் இருக்கிறது. வரிசை எண் 14, பெரிய பெட்டி.

நான் அறையில் நின்றுகொண்டு பட்டியலைப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? உண்மை. கையில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பலில் டாக்டர் உண்டு, மருத்துவ அறை உண்டு, மேஜையில் இருக்கும் போனை எடுத்தால் ஆள் வரும். அது மறுநாள் காலையில்தான் என் மூளைக்கு எட்டியது.

அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "இது கம்மி ஆகுது. எனக்குத் தெரியும். அந்தப் பையைக் குடுங்க." கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். திருப்பதி குங்குமம், பழைய பஸ் டிக்கெட்டுகள், ஊக்கு, பேரனின் ஒற்றைச் சாக்ஸ், நடுவில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாயும் குளுக்கோஸ் பிஸ்கட்டும். மூன்று மிட்டாயை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எதை எண்ணினேன் என்று தெரியவில்லை. பத்து, பதினைந்து நிமிடத்தில் வியர்வை நின்றது. "இன்னா அப்படிப் பாக்கறீங்க, போய்ப் பொட்டியைத் தேடுங்க" என்றாள். அந்த அதட்டலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

கீழே பாதுகாப்பு அறை வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், அச்சு அசல் எங்கள் பழைய ஆபீஸ் மாதிரி. ஒவ்வொருவருக்கும் முன்னால் திறந்த பெட்டி. ஒருவரிடம் இஸ்திரிப் பெட்டி, இன்னொருவரிடம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு அம்மாவிடம் கற்பூரமும் தீப்பெட்டியும். என் பெட்டியிலிருந்து வெளியே வந்தது எலக்ட்ரிக் கெட்டில். வரிசை எண் 31. ராத்திரி அவளுக்கு வெந்நீர் வேண்டுமே என்று, அவளைக் கேட்காமலே, நான் ஆசையாக வைத்தது. எக்ஸ்ரேயில் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. சூடாகும் சாமான் எதுவும் கூடாது என்று டிக்கெட்டோடு வந்த தாளிலேயே இருந்தது. அந்தத் தாளைப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேனே தவிர, படிக்கவில்லை.

கப்பலுக்குத் தண்ணீரை விடத் தீதான் பெரிய பயம். நம் மெட்ராஸ் - சிங்கப்பூர் மார்க்கத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் பிரான்சில் கட்டியதுதான், அங்கே 'பஸ்தேர்' என்ற பெயரில் ஓடிப் பின்னர் நம்மிடம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து அதில் பலர் உயிரிழந்தார்கள். பேப்பரில் நான் படித்தவன், ஞாபகம் வைத்திருந்தவன். அதற்கும் கெட்டிலுக்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கெட்டிலுக்கு ஒரு ரசீது கொடுத்துப் பெட்டியை விட்டார்கள். மேலே வந்து மெஷினில் பார்த்தால் 104. மிட்டாய்க்கு அப்புறம் 104 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்த கணக்குப்படி இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குப் போய் தயிர்சாதம் சாப்பிட்டோம். வெந்நீர் கேட்டதும் ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து கொடுத்தான் அறைப் பையன்.

ஆகவே கைப்பையில் வைக்க வேண்டியவை: எல்லா மருந்தும், சீட்டோடு, பயண நாளை விட இரண்டு நாளுக்கு அதிகமாக. ஊசி, மெஷின். அசல் ஆதார். இலங்கைக்குப் போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட், விசா. 2023-லிருந்து சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். மாற்றுக் கண்ணாடி, காது மெஷினுக்கு பேட்டரி, பல் செட் டப்பா, ஒரு மாற்று உடை. மிட்டாய். குமட்டல் மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள், கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். சுக்கும் எலுமிச்சம்பழமும் பாட்டி காலத்து மருந்து, எனக்குக் கேட்டது. தலை சுற்றினால் அறையில் படுக்காமல் வெளியே வந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், அவர்களே இறக்கிக் கொடுப்பார்கள். பக்கத்து அறை நண்பர் ரொம்ப ஒழுங்கானவர், எல்லாத் துணியையும் மடித்துப் பெட்டியில் வைத்து வாசலில் வைத்துவிட்டார். காலையில் லுங்கியோடும் கப்பல்காரர்கள் கொடுத்த துண்டோடும் எங்கள் கதவைத் தட்டினார். என் பேன்ட் அவருக்கு நாலு அங்குலம் குட்டை. அதோடுதான் சென்னையில் இறங்கினார்.

நண்பருக்கு டீக்கடையில் இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து அவருக்காக ஒரு பட்டியலும் தயார் செய்தேன். ஐந்து கலம்தான், பழக்கம் போகவில்லை. அனுப்புவதற்கு முன் மனைவியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். இரண்டை அடித்தாள், ஒன்றைச் சேர்த்தாள். சேர்த்தது 'ஊக்கு'. எதற்கென்று கேட்டேன். "அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும்" என்றாள். அப்படியே அனுப்பிவிட்டேன்.

கெட்டிலை ரசீதைக் காட்டித் துறைமுகத்தில் திரும்ப வாங்கினேன். இப்போது மாடி அறையில் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது, நல்ல கம்பெனி, ஒன்றரை லிட்டர். யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம். கப்பலுக்கு மட்டும் வேண்டாம்.